ஆளில்லாத சென்றி

முதன்முதலாக எனக்கு மூச்சு முட்டியது யோகன் செத்த எட்டாம் நாள், அவனுடைய எட்டுச் செலவு வீட்டில். அவனுடைய படத்துக்கு முன்னால் படைத்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சுக்குமேல் யாரோ ஏறி இருந்த மாதிரிப் பாரம். முற்றத்துக்கு ஓடிவந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பத்திரண்டு வயதில் நானும் சாகப்போகிறேன் என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். "நெஞ்சில ஒரு பிழையும் இல்லை. இது பதகளிப்பு" என்றார் டொக்டர் (உடம்பில் கோளாறு இல்லாமலே நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுவது). "விடிய எழும்பி ஓடுங்கோ. தூரமா ஓடுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த ஊரில ஓடுறதோ, டொக்டர்? ஓடினால் ஆமிக்காரங்கள் சுடுவாங்கள்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு துண்டில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி முத்திரை குத்தித் தந்தார்: இவர் வைத்தியத்துக்காக ஓடுபவர்.

இதே மூச்சுமுட்டும் வருத்தத்தோடு இருப்பவர்களுக்குத்தான் எழுதுகிறேன். அதனால் நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

யோகன் என் கூட்டாளி. பள்ளிக்கூடத்தில் நெடுந்தூர ஓட்டக்காரன். பெரிய வீரன்! வயிற்று நோவைக் கட்டின மனிசிக்கும் சொல்லாமல் வைத்திருந்த மடையன். தாங்க ஏலாமல் போன அன்று பகல், லிங்கநகரிலிருந்து என் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டேன். அவனுடைய குடல்வளரி (பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் சின்ன வால்) சீழ்பிடித்திருந்தது எங்களுக்குத் தெரியாது.

வழியில் மூன்று சென்றி (இராணுவத்தின் மணல்மூட்டைக் காவலரண்). சென்றியைக் கண்டால் யாரும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கவேண்டும். எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் அது தெரியும். இரண்டில் இறங்கினோம், அடையாள அட்டை காட்டினோம். துறைமுகப் பக்கத்து மூன்றாவதில் ஆளே இல்லை. மணல்மூட்டையும் கவிழ்த்துவைத்த ஒரு வாளியும்தான் கிடந்தன.

"இறங்கு" என்றேன் நான்.

இறங்கினான். இரண்டு விசரரும் வெறும் மூட்டைக்கு மரியாதை கொடுத்து நடந்தோம். பாதியில் அவன் றோட்டில் குந்திவிட்டான். பிறகு கரியரில் ஏற ஏலவில்லை. ஓர் உழவு மெசின் வந்துதான் ஏற்றிப் போனது. ஒப்பரேசனுக்குப் பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டான்.

"வழியில போன அந்த நேரத்தால ஒண்டும் மாறியிராது" என்றார் எனக்குத் துண்டு தந்த டொக்டர். நான் நம்பவில்லை.

ஒரு மாதம் கழித்து யோகனின் மனைவி மலரிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"ஆளில்லாத இடத்தில ஏன் அண்ணை இறங்கினனீங்கள்?"

யோகனுடைய படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

"அந்த இடத்தை ஓடிக் கடந்திட்டு வாங்கோ. அதுக்குப் பிறகு என்னோட கதையுங்கோ."

அடுத்த நாள் ஓடத் தொடங்கினேன். டொக்டருக்காக இல்லை, கோபத்தில். அடையாள அட்டையும் துண்டும் சொப்பிங் பையில் கழுத்தில் தொங்கும். ஓடும்போது யோகனை வாய்க்கு வந்தபடி ஏசுவேன். முட்டினால் முட்டட்டும் என்று ஓடினேன். சில மாதங்களில் மூச்சு முட்டுவது குறைந்தது. ஆனால் அந்தச் சென்றியில் இப்போது ஆள் நின்றான். துண்டை வாசித்துவிட்டு, "நடந்து போ" என்பான். நான்கு வருடம் அந்த இடத்தை நடந்தேன். நான்கு வருடமும் மலர் என்னோடு கதைக்கவில்லை.

சண்டை ஓய்ந்திருந்த ஒரு காலத்தில் மூட்டைகளை அகற்றினார்கள். ஓடிப்போனேன். சரியாக அந்த இடத்தில் என் கால்கள் தாமாகவே நடந்தன. நாசமாய்ப் போன கால்கள்! திரும்பிவந்து ஓடினேன். திரும்பவும் நடந்தன. ஐந்தாம் தடவை பெரிதாகக் கத்திக்கொண்டு ஓடிக் கடந்தேன். மீன் பெட்டியோடு வந்த ஒருவர் பயந்து சைக்கிளை ஒதுக்கினார்.

அப்படியே மலர் வீட்டுக்குப் போனேன். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"ஓடிட்டன், தங்கச்சி."

"எவ்வளவு நேரம்?"

"இருபது செக்கன்."

நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள். "அண்டைக்கு, அவரோட?"

இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு காலமும் பயந்திருந்தேன்.

"அவன் குந்தினதோட சேத்து அரை மணித்தியாலம்."

தேங்காய் திருவும் சத்தம் நின்றது. மூச்சு முட்டப்போகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். முட்டவில்லை. மூச்சு நன்றாக, நீளமாக வந்தது. அவன் செத்துப்போக எனக்கு இப்படி மூச்சு வந்ததே, எனக்கு இன்னும் ஆத்திரம் அதில்தான்.