கட்டாமல் விட்ட வக்கடை

எழுத்துப் பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதிக்கொண்டிருக்கும்போதே முன்னம் எழுதினது மறந்துபோகிறது.

என்ர மனுசனுக்குக் கடைசிச் சண்டையில் நெற்றியில் ஷெல் துண்டு பட்டது. காயம் ஆறிவிட்டது. கதை, நடை, உடம்புப் பலம் எல்லாம் முன்னம் மாதிரித்தான். ஆனால் ஒரு வேலையைத் தொடங்கினால் முடிக்கமாட்டார்.

எங்கட தண்ணி முறை வரும் நாளில் வாய்க்கால் வரம்பை வெட்டி வயலுக்குத் தண்ணி விடுவார். முறை முடிய, வரம்பில் வெட்டின அந்த வாயை, வக்கடையை, மண் போட்டுக் கட்டவேணும். கட்டாவிட்டால் கீழ்வயலுக்குத் தண்ணி போகாது. கட்டத்தான் மண்வெட்டியோடு போவார். வழியில் வயலுக்குள் மாடு நின்றால் அதைக் கலைத்துக்கொண்டு அப்படியே வீட்டுக்கு வந்துவிடுவார். எதுக்குப் போனீங்கள் எண்டு கேட்டால், வக்கடை கட்ட எண்டு சரியாகச் சொல்லுவார். மண்வெட்டியில் ஒரு பொட்டு மண் இருக்காது. என்ர முழங்கால் வருத்தத்துக்கு நான் போய்க் கட்டவும் ஏலாது.

சோம்பல் எண்டு கன வருசம் ஏசினனான். ஒருநாள் சோறு போடாமலும் விட்டனான்.

பிறகுதான் வவுனியா ஆசுபத்திரியில் ஒரு டொக்டர் பிள்ளை எனக்கு விளங்கிற மாதிரிச் சொன்னா: "அம்மா, செய்யப்போற வேலையை முடிக்கிற வரைக்கும் நினைவில பிடிச்சு வைச்சிருக்கிறது நெத்திக்குப் பின்னால இருக்கிற மூளை. அதிலதான் இவருக்குக் காயம். முன்னம் தெரிஞ்ச பழசெல்லாம் மூளையில வேற இடத்தில கிடக்கு. அதால வாய் சொல்லும், கை செய்யாது. அவரில பிழையில்லை."

இந்தப் போகம் மூன்று தரம் வக்கடை திறந்தபடி கிடந்தது. வயல் செய்யிற கமக்காரரின்ர சங்கக் கூட்டத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். அவருக்கு மறதி எண்டு ஆரோ சொல்ல, கீழ்வயல்காரர், அவரின்ர பழைய கூட்டாளி, "மத்தியானச் சாப்பாட்டை அண்ணை ஒருநாளும் மறந்ததில்லையே" எண்டார். எல்லாரும் சிரித்தார்கள். தண்ணி முறையைச் சொல்லுங்கோ பாப்பம் எண்டு சங்கச் செயலாளர் கேட்டார். என்ர மனுசன் எழும்பி நின்று, ஆருக்குப் பிறகு ஆர், எந்த நாள், எத்தனை மணிக்கு வக்கடை கட்டவேணும் எண்டு ஒன்றும் விடாமல் ஒப்புவித்தார். செயலாளர் கொப்பியைப் பார்த்துத்தான் சரிபார்த்தார்.

"பாத்தீங்களோ, எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் தண்ணி களவெடுக்கிறார்" எண்டார் கீழ்வயல்காரர்.

செயலாளர் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்கள் ஏதும் சொல்லுறீங்களோ" எண்டு கேட்டார். டொக்டர் சொன்னதெல்லாம் வாய்க்குள் நின்றது. அத்தனை ஆம்பிளையளும் திரும்பிப் பார்க்க, இல்லையெண்டு தலையாட்டிப்போட்டு இருந்தன். அவருக்கு மூளையில் காயம். எனக்கு என்ன கேடு?

வெளியில் வந்து என்ர மனுசன், "நான் சரியாத்தானே சொன்னனான்?" எண்டு கேட்டார். ஓம் எண்டன்.

எங்கட முறையை நிற்பாட்டுறதோ எண்டு அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பினம். நிற்பாட்டினால் வயல் தரிசுதான். நான் கதைக்கமாட்டன் எண்டு எனக்கே தெரியும். அதனால் இதைச் செயலாளரிட்ட வாசிக்கக் குடுக்கப் போறன். டொக்டர் பிள்ளை சொன்னதை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறனோ எண்டு படிச்ச ஆராவது பார்த்துத் திருத்தித் தாங்கோ. நான் பிழையாக எழுதி, அதுக்கும் ஆக்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.