தோணி, அம்பு, கடிகாரம்

ஆஸ்பத்திரிச் சந்தில் வரிசையாக நாலு மருந்துக்கடைகள். டாக்டர் கிறுக்கிக் கொடுத்த சீட்டு புரியவில்லை என்றால் மற்ற மூன்று கடைக்காரர்களும் ஒரே பக்கம் கையைக் காட்டுவார்கள். "கடைசிக் கடையில எக்ஸ்ரேகிட்ட கொண்டு போங்க."

எக்ஸ்ரே என்றால் மெஷின் இல்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதர். முப்பத்தொரு வருஷமாக அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறார். எப்பேர்ப்பட்ட கிறுக்கலையும் ஒரு பார்வையில் படித்துவிடுவார். ஒரு தடவை டாக்டர் ஒருவரே வந்து, போன வாரம் தான் எழுதியது என்ன மருந்து என்று இவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனாராம். சும்மா கட்டிவிட்ட கதை என்று நினைக்காதீர்கள். பில் போடுகிற பெண் பக்கத்திலிருந்து பார்த்தவள். அவள் பொய் சொல்லுகிற ரகம் இல்லை, சொல்லக் கூடாத உண்மையையும் சொல்லிவிடுகிற ரகம்.

அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று வேகம். இன்னொன்று, இத்தனை வருஷத்தில் ஒரு மாத்திரைகூடத் தப்பாக எடுத்துக் கொடுத்ததில்லை. துளி சந்தேகம் வந்தாலும் டாக்டருக்குப் போன் போட்டுவிடுவார். "குத்துமதிப்பா சொல்றவன் ஜோசியம் பார்க்கப் போகட்டும், மருந்துக்கடையில நிக்கக் கூடாது" என்பார்.

எழுத்துத் தெரியாதவர்கள் வந்தால் மாத்திரைக் கவரின்மேல் படம் போட்டுக் கொடுப்பார். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா. சாப்பிட்ட பிறகு என்றால் நிறைந்த தட்டு, வெறும் வயிற்றில் என்றால் காலித் தட்டு. தங்கச்சி மகள் சிறுமியாக இருந்தபோது லீவுக்கு வந்தால் கடையில் உட்கார்ந்து அந்தக் கவர்களைப் படிப்பாள். "சூரியன், காலித் தட்டு. மாமா, இந்தத் தாத்தா பசியோட மாத்திரை சாப்பிடணுமா, பாவம்!" என்பாள். அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை. அந்த லீவு நாட்கள்தான் அந்த வீட்டில் பிள்ளைச் சத்தம் கேட்ட நாட்கள்.

மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு புதன்கிழமை மத்தியானம், இருதயம். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்த மனுஷனுக்கு அன்றைக்கு எடுத்துக் கொடுக்க எந்த அலமாரியிலும் ஒன்றும் இல்லை. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வீட்டில் இரண்டு நாற்காலியும் ஒரு ஆளும் மிஞ்சியது.

ஒரு வருஷம் அப்படியே போனது. பிறகுதான் தங்கச்சி மகள் போனில் 'குடும்பம்' என்று ஒரு குரூப் ஆரம்பித்தாள். அவள் இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். தினமும் காலை எட்டு மணிக்கு அதில் ஒரு படப்புதிர் போடுவாள். மூன்று நாலு சின்னப் படங்கள் இருக்கும், அதற்குள் ஒரு பாட்டு ஒளிந்திருக்கும். ஒரு ஏணி, ஒரு மேகம், ஒரு சலங்கை போட்டிருந்தால் 'ஏணி ஏறி மேகத்தில் ஆடுவேன்' என்று கண்டுபிடிக்க வேண்டும். ரேடியோ கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தங்கச்சி, தங்கச்சி புருஷன், அவர்களுடைய மகன், மருமகள் என்று அவரைத் தவிர எட்டுப் பேர் அதில் இருந்தார்கள். "மாமா தனியா இருக்காரு, காலையில ஒரு பேச்சு வார்த்தை இருக்கட்டும்" என்பதுதான் அவள் எண்ணம். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்தேதான் இருந்தது.

எட்டு மணிக்குக் கடை ஷட்டரைத் தூக்குவார், போன் ஒலிக்கும். எட்டு ஒன்றுக்கெல்லாம் விடை போய்விடும். டாக்டர் கிறுக்கலையே படிக்கிற கண்ணுக்கு ஏணியும் மேகமும் எந்த மூலைக்கு? முதல் மாதம் எல்லாரும் கைதட்டினார்கள். "மாமா, நீங்க மனுஷனா மெஷினா?" என்று மருமகள் எழுதினாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. போனவள் போன பிறகு அவர் சிரித்தது அந்தக் காலைகளில்தான்.

இரண்டாம் மாதம் கைதட்டல் கட்டைவிரல் ஆயிற்று. மூன்றாம் மாதம் அந்தக் கட்டைவிரலும் சாயங்காலம்தான் வந்தது. பிறகு புதிர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகி, வாரத்துக்கு ஒன்றாகி, ஒரு நாள் நின்றே போனது.

அவர் பத்தொன்பது நாள் பொறுத்தார். 'பாவம், வேலை இருக்கும்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இருபதாவது நாள் தானே ஒரு புதிர் போட்டார். கடை பில்லின் பின்பக்கம் ஒரு பூட்டு, ஒரு ஊஞ்சல், ஒரு குயில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பினார். எட்டுப் பேரும் பார்த்ததற்கு நீல அடையாளம் விழுந்தது. பதில் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவரே விடையையும் எழுதினார். தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லுகிற நிலைமை எதிரிக்கும் வரக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறித் தங்கச்சி வீட்டுக்குப் போனார். தங்கச்சி டீ போட உள்ளே போனாள். மேஜைமேல் அவளுடைய போன். டிங் என்றது. பிறகு டிங், டிங், டிங் என்று விடாமல் ஒலித்தது. படிக்கக் கூடாது என்று நினைப்பதற்குள் படித்து முடித்துவிட்டது அந்தப் பாழாய்ப்போன கண்.

'பாட்டுக் கூட்டம்' என்று ஒரு குரூப். தங்கச்சி மகள் போட்ட ஒரு குடை, அதற்கு முன்னால் காலடித் தடங்கள். கீழே ஒரே கும்மாளம். தங்கச்சி புருஷன் சொன்னது தப்பு, மருமகள் சொன்னது அதைவிடத் தப்பு. "அப்பா, நீங்க பேசாம தூங்குங்க" என்று மகன் எழுதியிருந்தான். விடை 'மழைக்கு முன்னே நடந்தவளே' என்று அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. சொல்லத்தான் ஆளில்லை. அந்தக் குரூப்பில் எல்லாரும் இருந்தார்கள், அவர் ஒருவரைத் தவிர.

டீயோடு வந்த தங்கச்சி அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"அண்ணா... அது வந்து... சின்னப் பசங்க ஆரம்பிச்சது."

"மாப்பிள்ளை எப்பம்மா சின்னப் பையனானாரு?" என்று சிரித்தார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்பா எடுத்துக்காதே அண்ணா. நீ இருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் நிறுத்தினாள்.

"அட, எனக்கென்ன. டீ நல்லா இருக்கு" என்றார். டீயில் அவள் சர்க்கரையே போடவில்லை. பதற்றத்தில் மறந்துபோயிருந்தாள். அவர் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிளம்பினார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து அழுதார். ஐம்பத்தெட்டு வயதில் பஸ்ஸில் அழுவது அவமானம்தான். என்ன செய்ய, வந்துவிட்டது.

மறுநாள் கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே பில் போடுகிற பெண்ணிடம் நடந்ததைச் சொன்னார். அவள் ஒரு 'ஐயோ பாவம்' போடுவாள் என்று எதிர்பார்த்தார். ஆள் மாறிச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒரு முந்திரிக்கொட்டை."

"கேள்வி கேட்டா பதில் சொல்ல வேண்டாமா? தெரிஞ்சதைத் தெரியலைன்னு சொல்லவா?"

"விடை வேணும்னுதானா அவங்க தினமும் உட்கார்ந்து படம் போடுறாங்க? ஒருத்தர் வந்து கதவைத் தட்டினா திறந்து வாங்கன்னு சொல்லணும். 'நீ யாருன்னு எனக்குத் தெரியும்'னு உள்ளேயிருந்தே சத்தம் போட்டுட்டுப் படுத்துக்கிட்டா, தட்டினவங்க என்ன செய்வாங்க? போய்டுவாங்க."

அவர் அடுத்த அட்டையை எடுத்துக் கத்தரித்தார். வாயாடி, என்ன தெரியும் இவளுக்கு என்று மனசுக்குள் திட்டினார். ஆனாலும் சொன்னது தைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை எட்டு மணி. ஷட்டர் பாதி ஏறியிருக்கும்போது போன் ஒலித்தது. பழைய 'குடும்பம்' குரூப். ஒரு மாதத்துக்குப் பிறகு தங்கச்சி மகள் படம் போட்டிருந்தாள். ஒரு தோணி. பின்பக்கம் வளைந்து திரும்பும் ஒரு அம்பு. ஒரு கடிகாரம்.

'தோணி திரும்பும் நேரம்.' இதற்கு எக்ஸ்ரே கண்ணும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அவர் மனைவி நாள் தவறாமல் முணுமுணுத்த பாட்டு. மத்தியானம் மூன்று மணிக்குக் கடையை ஒப்படைத்துவிட்டு அவர் சைக்கிளில் வீட்டுக்குப் போவார். படியேறும்போதே அந்தப் பாட்டு சமையலறையிலிருந்து கேட்கும், அதுவும் அவளாகத் திரித்த பாட்டு. "தோணி திரும்பும் நேரம், சாப்பாடு ஆறிப் போன நேரம்." அவர் உள்ளே நுழைந்ததும் நிறுத்திவிட்டுத் தட்டு எடுத்து வைப்பாள்.

கட்டைவிரல் பாதி விடையை அடித்தே விட்டது. சட்டென்று நிறுத்தினார். அழித்தார்.

எட்டு ஐந்து. யாரும் பதில் போடவில்லை. எல்லாரும் பார்த்திருப்பார்கள். அவருக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தங்கச்சி தன் மகளிடம் சொல்லியிருக்கிறாள். வயசானவருக்கு பஸ்ஸில் எழுந்து இடம் விடுகிற மாதிரி எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். அவர் விடை சொல்லுவார், ஆளுக்கொரு கட்டைவிரல் போடுவார்கள், கடமை முடிந்தது என்று அந்தப் பக்கத்துக் கும்மாளத்துக்குப் போய்விடுவார்கள். இவருக்கு மறுபடியும் ரெண்டு நாற்காலிதான்.

எட்டு பத்து. ஒரு கிழவி வந்து சீட்டை நீட்டினாள். மருந்தை எடுத்தார், கவரில் சூரியன் போட்டார், நிறைந்த தட்டு போட்டார், இரண்டு தடவை சரிபார்த்துக் கொடுத்தார். அவள் போனதும் மறுபடி போனை எடுத்தார். தெரிந்தே தப்பாக ஒன்றைக் கொடுப்பது என்பது அந்தக் கை அறியாத காரியம்.

'கப்பலுக்கு மணி ஆச்சு' என்று எழுதினார். அப்படி ஒரு பாட்டே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்.

ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு தங்கச்சி மகள், "மாமா???" என்றாள். அவ்வளவுதான், மடை திறந்தது. "மச்சான் அவுட்டு! எக்ஸ்ரே பியூஸ் போச்சு!" என்று தங்கச்சி புருஷன். எழுதின கையோடு அவரே இன்னொரு தப்பு விடையும் போட்டார். "அதுக்கு மாமா சொன்னதே தேவலாம்" என்று மருமகள். "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்" என்று தங்கச்சி. டிங் டிங் என்று போன் கவுண்டர்மேல் நகர்ந்து நகர்ந்து போயிற்று. பில் போடுகிற பெண் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் வேலையைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அப்போது மணி அடித்தது. தங்கச்சி மகளே கூப்பிடுகிறாள். கடைசியாக அவள் குரலைக் கேட்டு ஐந்து மாதம் இருக்கும்.

"என்ன மாமா நீங்க! உங்களுக்காகத்தானே இதைப் போட்டேன். அத்தை பாட்டு மாமா!"

"அத்தை பாட்டா? எனக்கு ஞாபகமே வரலையேம்மா" என்றார்.

"எப்படி மாமா மறப்பீங்க? லீவுக்கு வரும்போதெல்லாம் கேட்டிருக்கேன். மூணு மணி அடிச்சதும் உங்க சைக்கிளை எதிர்பார்த்து ஆரம்பிச்சுடுவாங்க." அவள் அப்படியே அத்தை மாதிரி மூக்கால் இழுத்துப் பாடினாள். "தோணி திரும்பும் நேரம், சாப்பாடு ஆறிப் போன நேரம்..."

அவர் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இந்த உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இரண்டு வருஷமாக அவர் பொத்திவைத்திருந்த வரி அது.

"அடுத்த வரி இன்னும் நல்லா இருக்கும் மாமா" என்றாள் அவள்.

"அடுத்த வரியா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க உள்ள வந்ததும் நிறுத்திடுவாங்களே. நீங்க வர லேட்டாச்சுன்னாதான் அது வரைக்கும் போகும்." கொஞ்சம் கனைத்துக்கொண்டு பாடினாள். "ஆறினா ஆறட்டும் போ, ஆளு வந்தா போதும் போ..."

கவுண்டருக்கு வெளியே ஒருவர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். "சார், கொஞ்சம் அவசரம்" என்றார். பில் போடுகிற பெண் அவரைப் பார்த்து, இருங்க என்று கையைக் காட்டினாள்.

"மாமா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா" என்றார் அவர். "இது எனக்குத் தெரியாதும்மா. நிஜமாவே தெரியாது. இன்னொரு தடவை பாடு."