தொடைப் பட்டையும் ஓட்டை நாற்காலியும்

பள்ளிக்கரணை சாலையில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்ததில் என் முழங்கால் தசைநார் அறுந்துபோனது. அறுவை சிகிச்சை முடிந்து சேலையூர் வாடகை வீட்டுக்கு வந்தபோது கால் மடங்கவில்லை. வீட்டில் இருந்ததோ குத்தவைத்து உட்காரும் கழிவறை. ஆகவே நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, அடியில் ஒரு பேசின். அதைக் கொட்டுவது கணவரின் வேலை.

கொட்டினார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் சொன்னார். பார்க்க வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே, “எல்லாம் நான்தான் அள்ளிக் கொட்றேன்” என்பார். “உங்களை மாதிரி யாருக்குக் கிடைக்கும்” என்று சொல்லிவிட்டு அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொள்வேன்.

தாம்பரத்தில் பிசியோதெரபி செய்த பெண்ணிடம், குத்தவைக்க எப்போது முடியும் என்று கேட்டேன்.

“தொடைல சதையே இல்லையேக்கா. பெரிய வெயிட்டும் இப்பத் தூக்கக் கூடாது.”

ஜப்பானில் செய்கிற முறையாம். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை மாதிரி, அதைவிடப் பெரிதாக ஒன்றைத் தொடையின் மேல்பக்கம் சுற்றிக் காற்றடித்தாள். “ரத்த ஓட்டத்தக் கொஞ்சம் குறைச்சா, சின்ன வெயிட்டுக்கே தசை பெரிய வேலை செஞ்ச மாதிரி களைச்சிடும். அப்பதான் வளரும்” என்றாள்.

அந்தப் பட்டையை நினைத்தால் இன்றும் அருவருப்புதான். எத்தனை பேர் வியர்வையோ, எவர் பூசிய தைலமோ, நைந்த துணி ஈரமாகவே தொடையில் ஒட்டும். கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு நீட்டி மடக்கினால் கால் கத்திரிக்காய் நிறத்துக்குப் போகும். சூம்பிப்போன அந்தக் காலை என்னுடையது என்று சொல்லவே பிடிக்காது. தொடை தீயாக எரியும்போது, “போதுமாக்கா?” என்பாள். பேசினை நினைத்துக்கொள்வேன். “இன்னொரு தடவை” என்பேன்.

மாதங்கள் போயின. டாக்டர் சரியென்று சொன்ன பிறகு, ஒரு காலையில் சுவரைப் பிடித்துக் குத்தவைத்தேன். யார் கையும் இல்லாமல் எழுந்தேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாக இருந்த நிம்மதியில் அழுதுவிட்டேன்.

அன்று மாலை வந்த உறவினரிடமும் கணவர், “இத்தனை மாசமா நான்தான்” என்று ஆரம்பித்தார். அவர்கள் போனதும், “அந்தச் சனியனைக் காயலான் கடைல போட்டுடலாம்” என்றார்.

நான் நாற்காலியைப் பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவி, காயவைத்து, பரணில் ஏற்றச் சொன்னேன்.

“இன்னும் எதுக்குடி அது?”

“உங்களுக்கும் ஒரு நாள் வேணும்ல. வர்றவங்களுக்குக் காபி கொடுத்துக்கிட்டே அப்ப நானும் சொல்லணும்.”