மிளகு மரத்துக் குரலும் காப்புரிமைப் புகாரும்

மிளகு பறித்துக்கொண்டிருந்த எங்கள் செல்லக்காவின் குரலை, முன்பின் தெரியாத ஓர் இசை நிறுவனம் ‘எங்கள் சொத்து’ என்று அறிவித்துவிட்டது நண்பர்களே!

(இச்செய்தியைச் சொன்னபோது செல்லக்கா மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைக்கவில்லை என்பதைக் கவனத்தில் கொள்ளவும்.)

புதிதாக வந்தோருக்காக ஓர் அறிமுகம். நான் கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்னும் பகுதியைச் சேர்ந்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். படம் பிடிப்பது, வெட்டுவது, ஒட்டுவது, எழுத்துப் போடுவது அனைத்தையும் எவரிடமும் கைகட்டி நிற்காமல் நானே கற்றேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கப்போவதில்லை!

என் சேனலில் பலரும் விரும்பிப் பார்ப்பது, பக்கத்துத் தோட்டத்துச் செல்லக்கா மிளகு பறிக்கும் காணொளி.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். மூங்கில் ஏணியில் ஏறியவர் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடிக்குள் மறைந்துவிடுவார். ஆகவே இறங்கும்வரை பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால், கீழே இருப்பவர் ஏணியை நோக்கி ஓட வேண்டும். மெட்டு எல்லோருக்கும் ஒன்றே. சொற்களை ஏறியவர் அந்நேரத்தில் கட்டிக்கொள்வார்.

சென்ற மாதம் அக்காணொளி நீக்கப்பட்டது. ‘காப்புரிமை மீறல்’ என்றது தளம். இது தொடர்ந்தால் சேனலே மூடப்படும் என்ற எச்சரிக்கை வேறு!

முதலில் போன் செய்தவள் செல்லக்காவின் மகள் கவிதா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள்.

“சித்தி, அம்மா வீடியோவக் காணோமுங்க! வேல முடிஞ்சு வந்தா அதத்தான் போட்டுக் கேப்பேன். அழிச்சுப் போட்டீங்களா?”

“நான் எதுக்குக் கண்ணு அழிக்கறேன்? இரு, கேட்டு வாங்கறேன்.”

வாக்குக் கொடுத்தாயிற்று. உடனே மறுப்பு எழுத அமர்ந்தேன்.

‘இப்பாடலின் உரிமையாளர் நீங்களா?’ என்று ஒரு கேள்வி. பொய் சொல்லலாகாது அல்லவா? ‘அல்லேன். இது மலைமக்கள் அனைவருக்கும் பொதுவான பாடல். எவரும் இதற்கு உரிமை கொண்டாடுவதில்லை’ என்று எழுதினேன். (எழுதிவிட்டுப் பலமுறை படித்து ரசித்தேன். நடை அப்படி!)

மறுப்பு தள்ளுபடி!

உரிமை இல்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனே! இன்னொரு வேடிக்கை, முதல் மறுப்பைப் பரிசீலித்ததே புகார் கொடுத்த அந்நிறுவனம்தானாம். ஆடு பிடித்துப்போனவரிடமே ஆட்டைக் காணோம் என்று மனுக் கொடுக்கும் ஏற்பாடு. இதைத் தளம் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது என் பணிவான, ஆனால் உறுதியான கருத்து.

அந்த வாரம் நானும் செல்லக்காவும் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனோம். எங்களிடம் மிளகு வாங்கும் பாயின் கடையில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேளம், மின்னிசை, நடுவே செல்லக்காவின் குரல்!

“ஏனுங்க பாய், அது நானுங்க!”

“நீங்களாம்மா? இது ரீமிக்ஸாம். இப்ப கல்யாண ஊட்டுலயெல்லாம் இதுக்குத்தான் ஆடறாங்க.”

“ஆடறாங்களா? அட சாமி, நல்லாக் கேளுங்க! ‘பாப்பாத்தி, சாக்க நவுத்து’ங்கறேன். மெளகு சிந்துதேன்னு என்ற நாத்தனாவ வையறேன். அதுக்கு ஆடுவாங்களா?”

பாய் தராசைப் பிடிக்க முடியாமல் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் காணொளியிலிருந்து குரலை எடுத்து மேளம் சேர்த்துவிட்டு, என்மீதே புகாரும் கொடுத்திருக்கிறது அந்நிறுவனம்! “பொதுப் பாட்டுன்னு நானே எழுதிட்டேங்க்கா. இனி என்னத்தச் சொல்லி வாங்கறது?” என்றேன்.

“ஏனுங்க புலவரம்மா, பாட்டு பொதுதான். அன்னிக்கு மரத்து மேல இருந்தது அவனா, நானா? அவன் பாட்ட நிறுத்துனா பாப்பாத்தி ஓடியாருவாளா?”

கடைவாசலிலேயே மேல்முறையீட்டை எழுதத் தொடங்கிவிட்டேன்!

‘மெட்டு பொது. ஆனால் அன்று பாடிய குரல் செல்லம்மாளுடையது. அதைப் பதிவு செய்த கை என்னுடையது.’ கூடவே வெட்டாத மூலப் பதிவையும் இணைத்தேன். இதிலும் தோற்றால் சேனல் போய்விடலாம் என்று தெரிந்தேதான் அனுப்பினேன்.

இயந்திரம் ஒன்று வழக்கமான வரியைத் துப்பும் என்று எதிர்பார்த்தேன்.

வந்ததோ ஒரு மனிதரின் கேள்வி! ‘பாடலின் நடுவே ஒரு பெயரைச் சொல்லி அழைக்கிறார். அந்த நபர் மூலப் பதிவில் இருக்கிறாரா? எந்த இடத்தில்?’

முழுவதையும் கேட்டிருக்கிறார் பாருங்கள்! எத்தனையோ புகார்களுக்கு நடுவே, எங்கள் மலைப் பேச்சுக்குக் காது கொடுத்து, ஒரு பெயரைப் பிடித்திருக்கிறார். நெகிழ்ந்துவிட்டேன்.

பெயரைக் கேட்டதும் பாப்பாத்தி சாக்கை இழுப்பதும், அண்ணாந்து “நவுத்தறேன் அண்ணி, கத்தாதீங்க!” என்பதும் மூலப் பதிவில் வரும் இடத்தைக் குறிப்பிட்டு, ‘இந்தப் பதில் ரீமிக்ஸில் இல்லை’ என்றும் எழுதி அனுப்பினேன்.

இன்று காலை காணொளி திரும்பிவிட்டது! புகார் செல்லாது, எச்சரிக்கையும் நீக்கம்!

முகம் தெரியாத அந்தப் பரிசீலகரே, தங்கள் காதுகளுக்கு என் வணக்கம். தங்களைப் போன்றோர் அங்கே இருக்கும்வரை, மலையுச்சியில் அமர்ந்து படம் பிடிக்கும் எங்களைப் போன்றோருக்குத் துணிவு குறையாது.

அப்படியே செல்லக்கா வீட்டுக்கு ஓடினேன். மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துக் கவிதாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, சற்றுப் பொறுத்துப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். அவள் எடுத்ததும் பின்னணியில் காணொளி ஓடும் சத்தம் கேட்டது.

செல்லக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “கண்ணு, சோறு தின்னியா?” என்றார் ஆசையாக.

“கொஞ்ச நேரம் பேசாம இரும்மா! அம்மா பாடிட்டிருக்குதில்ல!” என்றாள் மகள்.

போன் வைக்கப்பட்டது.

செல்லக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இதற்கு எந்தத் தளத்தில் புகார் கொடுப்பது நண்பர்களே?