கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு இரண்டு ரூபாய்

என் வீட்டுக்காரர் சாம்சுந்தர், சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகும் மினி பஸ்ஸில் கண்டக்டர். அது சம்பளத்துக்கு. ஆசைக்குச் செய்வது, பைக்குள் விழும் சில்லறையில் அச்சுப்பிழை தேடுவது. காசு அடிக்கும் ஆலையிலேயே கோணலாக விழுந்த காசு ஒன்றாவது சிக்காதா என்று அவர் புரட்டிக்கொண்டிருக்கும்போது, பின்படியில் ஏறியவர் டிக்கெட் வாங்காமலே இறங்கிப் போய்விடுவார்.

யாருக்கு விசித்திரமான காசு கிடைத்தாலும் இவரிடம்தான் வரும். இவரிடம் தயவு தாட்சண்யமே கிடையாது. "இது தண்டவாளத்துல வச்சது." "இது அரத்தால ராவுனது." "இது வெடிக்கு மேல வச்சுக் கொளுத்துனது, கருகியிருக்கு பாருங்க." ஆசையாக வந்தவர்கள் முகம் தொங்கிப்போகும். கொஞ்சம் பதமாகச் சொல்லக்கூடாதா என்று கேட்டால், "நீ நர்சுதான? காய்ச்சல் இல்லாதவனுக்குக் காய்ச்சல்னு எழுதுவியா?" என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கே இந்த வருடம் காலண்டர் சீசன் முடிந்த கையோடு ஒரு காசு வாய்த்தது. இரண்டு ரூபாய். ஒரு பக்கம் வழக்கமான 2. சிங்கம் இருக்க வேண்டிய பக்கத்திலும் 2. ஆனால் பள்ளமாக, இடம் வலம் மாறி. முந்தின காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்தது இப்படி விழுமாம். அன்று அவருக்குச் சோறே இறங்கவில்லை. விருதுநகர் நாணயக் கண்காட்சிக்கு வருடா வருடம் வேடிக்கை பார்க்கப் போனவர். இந்தத் தடவை கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் பெயரோடு ஒரு காசு! அதற்காகப் புதுச் சட்டை எடுத்தார். கல்யாண நாளுக்குக்கூட எடுக்காத மனுஷர்.

"நல்ல பக்கத்து 2 ஏங்க மழுங்கியிருக்கு?" என்று கேட்டேன். புழங்கித் தேய்ந்தது என்றார். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சும்மா விட்டிருப்பாரா?

கண்காட்சியில் நல்ல கூட்டம். அதை நடத்தும் சங்கையா அண்ணாச்சி, மிளகாய் வத்தல் வியாபாரி, 'அசல் அச்சுப்பிழை' என்று என் வீட்டுக்காரர் பெயரோடு அட்டை எழுதி வைத்திருந்தார். இவர் பெட்டியை விட்டு நகரவே இல்லை. அப்போது முனியராஜ் வந்தார். காலண்டருக்குத் தகரப்பட்டை அடிக்கும் மெஷினில் வேலை, தினமும் இவர் பஸ்ஸில்தான் போவார்.

"அண்ணே, வாட்ஸப்புல காசு படம் போட்டீகள்ல, அதே மாதிரி இன்னொண்ணு கொண்டாந்திருக்கேன். ஜோடியா வைங்க!"

"எங்கனலே கெடச்சுச்சு?"

"எங்க மெஷின்லதாண்ணே. அச்சு சரியா எறங்கலைன்னா அடியில ரெண்டு காச அண்டக் குடுத்து ஒசத்துவோம். சீசன் பூரா ஒண்ணுமேல ஒண்ணா நசுங்கிக் கெடந்துச்சு. ஒண்ண உங்ககிட்ட டிக்கெட்டுக்குக் குடுத்துட்டேன் போல."

இவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முனியராஜின் காசில் சிங்கம் பள்ளமாக விழுந்திருந்தது. இவர் பெட்டியைத் திறக்கச் சொல்லித் தன் காசை எடுத்து அதன்மேல் வைத்தார். டப்பாவும் மூடியும் போலப் பொருந்திக்கொண்டது.

"விடுங்க தம்பி, சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அண்ணாச்சி. நானும் இவர் கையைப் பிடித்து, "இருக்கட்டுங்க" என்றேன். இந்த ஒரு நாளாவது அவருக்குக் கிடைக்கட்டும் என்றிருந்தது.

அவர் கேட்டால்தானே! "அண்ணாச்சி, இங்கன பாருங்க. நெசமான பிழைன்னா இந்த நல்ல பக்கத்து 2 கூர்மையா இருக்கணும். இது நசுங்கியிருக்கு. பள்ளத்துக்கு அடியில பழைய சிங்கத்தோட காலு தெரியுதா? அச்சுல விழுந்ததுல அது இருக்கவே இருக்காது" என்று, ஊரார் காசைப் பிரித்துமேயும் அதே வேகத்தில் ஆரம்பித்துவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. முடித்ததும் பெயர் அட்டையைத் தானே எடுத்தார்.

முனியராஜ் அழாக்குறையாக நின்றார். "நான் வராமலே இருந்திருக்கலாம்ணே."

"நீ வந்ததாலதாம்லே நான் பொய்யனாகாம தப்பிச்சேன். வா, டீ குடிப்போம்."

கடையில் டீ ஆறும்வரை அவர் நிமிரவே இல்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த மனுஷரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.