சந்தியாப்பிள்ளை அண்ணர் பார்த்துக்கொண்டிருந்த இடம்

செவ்வாய்க்கிழமை காலை ரானுயியில் உள்ள வீட்டிலிருந்து பிலோமினா தொலைபேசி எடுத்தார். "ரீச்சர், இவர் விடிய அஞ்சு மணிக்கு மோசம் போயிட்டார்" என்றார். பிறகு, "இண்டைக்குத் தபால் வந்தால் ஆரிட்டக் குடுக்கிறது?" என்று கேட்டார். அவருடைய கணவர் சந்தியாப்பிள்ளை அண்ணரை அறிந்த உங்களுக்கு அந்தக் கேள்வியின் பாரம் விளங்கும். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்த அண்ணரின் தம்பி யோசேப்பு, மடு அகதி முகாமிலிருந்து கடைசியாகக் கடிதம் போட்டு நான்கு வருடமாகிறது. அன்றிலிருந்து வேலையால் வந்ததும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்காமல் அண்ணர் வீட்டுக்குள் நுழைந்ததில்லை.

இந்த நாட்டுக்கு வந்த உங்களில் பலருடைய மூக்குக்கண்ணாடிக்கு நியூ லின் பட்டறையில் வில்லை தேய்த்தவர் அவர்தான். விண்வெளிக்கு அனுப்பிய பெரிய தொலைநோக்கியின் ஆடியைப் பிழையாகத் தேய்த்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "தலைமயிரை விடச் சின்னப் பிழை ரீச்சர். தேய்ச்சவன் பாவம்" என்றார். சில வருடங்களின் பின் வீரர்கள் மேலே போய்த் திருத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், தன் வீட்டு விசேஷம்போல எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அதுக்கும் கண்ணாடி போட்டாச்சு."

அந்தத் தொலைநோக்கி எடுத்த ஒரு படத்தைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் ஹென்டர்சன் தேவாலய மண்டபத்தில் நான் பேசினேன். ஆடுகிற தண்ணீருக்கு மேலே நின்று அடியில் கிடக்கும் கல்லைப் பார்த்தால் கல்லும் ஆடும். நம் தலைக்கு மேலிருக்கும் காற்றும் அப்படித்தான், அதனால்தான் அதற்கு வெளியே போய்ப் பார்க்கிறார்கள் என்றேன். ஒன்றுமில்லை என்று நினைத்த துளி வானத்தை அந்தத் தொலைநோக்கி பத்து நாள் விடாமல் பார்த்தது. அங்கே ஆயிரக்கணக்கான விண்மீன் கூட்டங்கள் இருந்தன. மிகத் தொலைவில் உள்ளவை சிறியவை, ஒழுங்கற்றவை. பிரபஞ்சம் இளமையாக இருந்த காலத்தில் புறப்பட்ட ஒளி இப்போதுதான் வந்து சேர்கிறது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். உதாரணம் சொல்லாமல் எனக்குப் பாடம் முடியாது. "ஊரிலிருந்து வரும் கடிதம் மாதிரி. எழுதியவர் இப்போது இருக்கிறாரோ, தெரியாது" என்றேன்.

அங்கே யார் வீட்டில்தான் வராத கடிதம் இல்லை? பின்வரிசையில் அண்ணர் எழுந்தார்.

"ரீச்சர், உங்கட உதாரணத்துக்குப் பவர் சரியில்லை."

சிலர் சிரித்தார்கள். அவர் நிதானமாகத் தொடர்ந்தார். "கடிதம் பழசாயிருக்கட்டும். நான் வாசிக்கிற நேரம் தம்பி அதுக்குள்ள இருந்து என்னோட கதைக்கிறான். ஒண்டுமில்லாத இடத்தைப் பத்து நாள் பாத்தவை எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். நான் ரெண்டு வருஷமாப் பாக்கிறன்."

மறுநாள் ஞாயிறு, மன்னிப்புக் கேட்க ரானுயிக்குப் போனேன். மேசையில் தம்பிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, அதே முகாம் விலாசத்துக்கு. என் மன்னிப்பைக் கையசைத்துத் தள்ளிவிட்டு ஒன்றைக் கேட்டார்.

"அந்தப் பத்து நாளிலும் ஒண்டும் தெரியாமல் போயிருந்தால்?"

"தொலைநோக்கியை இன்னும் பெரிசாக் கட்டி, இன்னும் கூட நாள் பாத்திருப்பினம்."

"ஓம், அப்ப சரி" என்று கடித உறையை ஒட்டினார்.

அடக்கம் முடிந்த அன்று பிலோமினா ஒரு தாளை என் கையில் வைத்தார். "எனக்கு எழுத ஏலாது ரீச்சர். நீங்கள் எழுதுங்கோ." அண்ணரின் சாய்ந்த எழுத்தில் யோசேப்பின் விலாசம்.

போன ஞாயிறு, அவர் தேய்த்துத் தந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். "தம்பி யோசேப்பு, உங்கட அண்ணர் கடைசி வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தவர்" என்று தொடங்கினேன். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை அந்தக் கண்ணாடியும் அந்த விலாசமும். மாதத்தின் முதல் ஞாயிறு இனி என்னுடையது.