சீட்டு விழாத வீடு

அந்தக் குழாய் ஒரு சாண் நீளம் இருக்கும். வெள்ளை பிளாஸ்டிக். பக்கத்தில் கோடு போட்டு எண்கள், நடுவில் ஒரு சிவப்பு முள். வாயில் அட்டைச் சுருளை வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரே மூச்சில் ஊத வேண்டும். முள் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நெஞ்சில் பலம். எண்ணூர்ப் பக்கம் எங்கள் குப்பத்தில் அதை நான் இரண்டு மாதம் தூக்கித் திரிந்தேன். ஐந்தாவது வரை படித்தவள். மீன் விற்பவள். வேலைக்கு என்னை வைத்தது, கணக்கெடுக்க வந்த டாக்டரம்மா.

என்னைவிடப் பத்து வயது சின்னவர். தெற்கத்திப் பேச்சு. என்னை அக்கா என்பார். எங்கள் குப்பத்தில் மூச்சிரைப்பு அதிகம் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். வாயால் சொன்னால் போதாது, எண்ணிக் காட்டினால்தான் நெஞ்சு வைத்தியத்துக்குக் குப்பத்துக்கே வருகிற ஒரு வண்டியாவது கேட்க முடியும் என்றார். இன்னும் வடக்கே, எங்கள் பக்கம் மாதிரி லாரியும் ஆலைப் புகையும் இல்லாத வேறொரு குப்பத்திலும் இதே மாதிரிக் குழாயோடு ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். என் புருஷன் வலை இழுத்த ஆள். அப்போது நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் அந்தக் களைப்பிலேயே இரண்டு நாள் படுப்பார். அந்த வண்டி எனக்கு வேண்டியிருந்தது.

எல்லாக் கதவிலும் சாக்பீஸால் எண் எழுதினோம். முதல் ஐந்து எண்களைச் சீட்டில் எழுதி, குலுக்கி ஒன்று எடுத்தோம். அந்த வீட்டில் தொடங்கி ஐந்தாவது, ஐந்தாவது வீடாகப் போக வேண்டும். அப்படி எண்ணிக்கையில் வருவதைத்தான் சீட்டு விழுந்த வீடு என்போம். நோயாளி இருக்கிற வீடுகள் எனக்கே தெரியுமே, நேராகப் போகலாமே என்று கேட்டேன்.

“நீங்க கை காட்டுறது உங்களுக்குத் தெரிஞ்ச வீடுக்கா. சீட்டுக்கு யாரையும் தெரியாது” என்றார்.

கேள்வியும் தாளில் இருக்கிறபடிதான் கேட்க வேண்டும். முதல் நாள் ஒரு வீட்டில், “இருமல் வந்துகினே கீதுல்ல?” என்று கேட்டுவிட்டேன். வெளியே வந்ததும் நிறுத்தினார். “அது கேள்வி இல்லக்கா. பதில நீங்களே ஊட்டி விடுறீங்க.” ஆண்கள் குழாயைப் பார்த்ததும் பின்வாங்குவார்கள். “இன்னாமே, போலீஸ் குழாயா? நேத்து குடிச்சது தெரியுமா?” என்று ஒருவர் கேட்டார். “தெரியாது நைனா, ஊது” என்றேன். மூன்று முறை ஊத வைத்து, அதில் பெரியதை எழுதுவோம். எல்லோருக்கும் மூன்று. எனக்கு வேண்டியவருக்கு நாலாவது கிடையாது.

பிறகு ஒரு வாரம் அவர் அந்த வடக்குக் குப்பத்துக்குப் போனார். நான் தனியாக எடுத்தேன். சீட்டு விழுந்த வீடு பூட்டியிருந்தால் மூன்று தடவை போய்ப் பார்க்க வேண்டும், அப்புறமும் ஆள் இல்லையென்றால் பூட்டு என்று எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வெயில். பக்கத்து வீட்டு வாசலில் ஆள் உட்கார்ந்திருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில்தான் கேட்போம். சாவியோ தபாலோ, பக்கத்து வீடும் அதே வீடு மாதிரிதான். நானும் அப்படியே செய்தேன். பதினொரு தாள். அதில் ஒன்று என் புருஷனுடையது. எங்களுக்கு அடுத்த வீட்டுக்குச் சீட்டு விழுந்து அது பூட்டியிருந்தது. அவர் ஊதினார். முள் பாதிகூடப் போகவில்லை. அதை எழுதும்போது எனக்குத் துக்கம் வரவில்லை. இது உதவும் என்றுதான் நினைத்தேன்.

டாக்டரம்மா திரும்பி வந்து, சமுதாயக் கூடத்தில் தாள்களைப் பரப்பிப் பார்த்தார்.

“அக்கா, இந்த வாரம் ஒரு வீடுகூடப் பூட்டியிருக்கலையா?”

“இல்ல டாக்டரம்மா.”

“விடியுறதுக்கு முன்னாடியே பொம்பளைங்க மீன் எடுக்கக் காசிமேட்டுக்குக் கிளம்பிடுற தெருவில?”

செய்ததைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பகல் பத்து மணிக்கு வீட்டில் இருப்பது யார் என்று கேட்டார். யோசித்தேன். வேலைக்குப் போக முடியாதவர்கள்தான். ஓடியாடி உழைக்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் பூட்டு. பூட்டை விட்டுவிட்டு ஆளை எண்ணினால் குப்பமே நோயில் கிடக்கிற மாதிரித் தெரியும். “நமக்கு அதுதானே வேணும்?” என்று கேட்டேன்.

“ஒருத்தர் இதைக் கண்டுபிடிச்சாப் போதும்க்கா. உண்மையா இருமுறவங்க எல்லாரையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுடுவாங்க.”

பதினொரு தாளிலும் குறுக்கே கோடு போட்டார். கிழிக்கவில்லை. தனி உறையில் வைத்தார். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

“அப்போ நான் கணக்குல இல்லியா?” என்றார் என் புருஷன்.

“இல்ல.”

“ஊதுனேனே.”

“சீட்டு பக்கத்து வூட்டுக்குத்தான்யா விழுந்துச்சு.”

 அவர் சிரித்தார். “சீட்டுக்குக் கூட நம்ம வூடு தெரில பாரு.” சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பூட்டியிருந்த அந்தப் பதினொரு வீடுகளுக்கும் சாயங்காலம் போனோம். பெண்கள் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து ஊதினார்கள். சில பேருக்கு முள் கடைசிவரை ஓடியது. ஒருத்தி நன்றாக ஊதினால் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு ஒவ்வொரு தடவையும் வண்டி ஒரு தெரு தள்ளிப் போவதுபோல் இருந்தது. அவர்கள் ஊதியதை அப்படியே எழுதினேன்.

இதற்குப் பிறகும் வடக்குக் குப்பத்தைவிட எங்கள் மூச்சு குறைவாகத்தான் வந்தது. கூடத்தில் டாக்டரம்மா எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். “அப்போ புகைதான்னு எழுதிக் குடு” என்று ஒருவர் எழுந்தார். குறைவு என்றுதான் இது சொல்கிறது, ஏன் என்று சொல்ல வேறு கணக்கு எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அந்த ஆள் துண்டை உதறிவிட்டுப் போனார். அறிக்கையில் ஒரு பக்கத்தில், பதினொரு வீடுகள் தவறாக எடுக்கப்பட்டன, நீக்கினோம் என்று இருந்தது. யார் எடுத்தது என்று இல்லை. மேலிடத்தில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பிக் கேட்டார்களாம். டாக்டரம்மா நடந்ததை நடந்தபடி சொன்னாராம். அதற்கு மேல் கேள்வி வரவில்லை. அடுத்த வருஷம் வண்டி வந்தது. வியாழக்கிழமை தோறும். என் புருஷன் நாலு வியாழக்கிழமை போனார். ஐந்தாவது வியாழக்கிழமை அவர் இல்லை.

டாக்டரம்மா இப்போது வேறு ஊரில் இருக்கிறார். அவர் பேரைச் சொன்னால் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இன்னும் பிடிக்காது. புகை என்று எழுதித் தரவில்லையே என்பார்கள். எனக்கும் அவர்மேல் ஒரு காலம் வருத்தம் இருந்தது. என் புருஷனுடைய அந்த ஒரு தாளையாவது கணக்கில் விட்டிருக்கலாம் என்று. இப்போது இல்லை.

போன மாதம் திரும்பவும் கணக்கெடுக்க வந்தார்கள். கையில் தாள் இல்லை, செல்போன் மாதிரிப் பெரிய பலகை. இந்தத் தடவை சீட்டு என் வீட்டுக்கு விழுந்தது. எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து என் பக்கத்தில் நின்றாள்.

“வீட்ல எத்தனை பேரும்மா?” என்று கேட்டது பலகை வைத்திருந்த பெண்.

“நான் ஒருத்தி.”

“இருமல் இருக்கா?”

எதிர்வீட்டுக்காரி என் இடுப்பில் இடித்தாள். “கீதுன்னு சொல்லு. கணக்குல இருமல் கொறஞ்சிச்சுன்னா வண்டிய நிறுத்திருவாங்களாம்.”

“இல்ல” என்றேன்.

அந்தப் பெண் குறித்துக்கொண்டது. எதிர்வீட்டுக்காரி போய்விட்டாள். அவள் வீட்டுக்குள்ளே அவள் புருஷன் இருமுவது எனக்குக் கேட்டது. குறித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கும் கேட்டிருக்கும். நிமிர்ந்து அந்தக் கதவை ஒரு தடவை பார்த்தது. பிறகு ஐந்தாவது வீட்டை எண்ணிக்கொண்டு நடந்தது.